ஐபம்ஸ் தரவு: கென்யாவின் மக்கள்தொகை 380 கோடிக்கு மேல் வருகிறது, எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக கென்யாவின் 1999, 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை, பல நாடுகளின் கணக்கெடுப்பு மாதிரிகளைத் திரட்டித் தரும் ஐபம்ஸ் இன்டர்நேஷனலில் இருந்து இறக்கினேன். ஆளுக்கு ஒரு வரி என்று வரும் மாதிரிக் கோப்பு அது. 1999-க்கு 5 சதவீத மாதிரி, 2009-க்கு 10 சதவீதம். ஒவ்வொரு வரியும் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் பெர்வெயிட் என்ற எடை நிரலைக் கூட்டினால் நாட்டின் மொத்தம் கிடைக்க வேண்டும், இல்லையா? 2009-இல் அங்கே எண்ணப்பட்டவர்கள் சுமார் 3.86 கோடி. எனக்கோ 380 கோடிக்கு மேல் வருகிறது.

இன்னொன்று. வயதுப் பிரமிடு வரைந்தால் 30, 40, 50 எல்லாம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே காரணமா? இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் 1

கோப்பை எப்படிப் படித்தீர்கள்? நிரல்களின் அமைப்பை விவரிக்கும் டிடிஐ கோப்போடா, இல்லை நிரல் அகலங்களை நீங்களே எழுதியா?

கேட்டவர்

நானேதான் எழுதினேன். குறியீட்டு விளக்கத்தைப் பார்த்து எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று கொடுத்தேன்.

பதில் 1

அப்படியானால் அதுதான். பெர்வெயிட்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் தசமப் பகுதி, ஆனால் அந்தப் புள்ளி கோப்பில் எழுதப்பட்டிருக்காது. 10 என்ற எடை 1000 என்று கிடக்கும். அதனால் உங்கள் மொத்தம் சரியாக நூறு மடங்கு.

நூறால் வகுத்தால் போதும். ஆனால் டிடிஐ எக்ஸ்எம்எல் கோப்பையும் இறக்கி, ஆர் மொழியில் ஐபம்ஸ்ஆர் தொகுப்பு வழியாகப் படிப்பதையே சொல்வேன். புள்ளி தானாக வந்துவிடும், குறியீடுகளின் பொருளும் கூடவே வரும். அப்படிப் படித்த பிறகு நீங்கள் எழுதிய பழைய கட்டளைகளில் உள்ள "வகுத்தல் 100" வரியை மறக்காமல் நீக்கிவிடுங்கள். நான் ஒருமுறை நீக்காமல் விட்டு, ஒரு வாரம் தலைகீழாகத் தேடினேன்.

பதில் 2

முட்களுக்கு வருகிறேன். அது உங்கள் தவறே இல்லை, தரவில் உள்ளபடியே வந்திருக்கிறது. பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியாதவர்கள் வயதை 0-இலோ 5-இலோ முடித்துச் சொல்வார்கள். வீட்டில் ஒருவரே எல்லோருக்கும் பதில் சொல்லும்போது இது இன்னும் கூடும்.

இந்தக் குவிதலை அளக்கும் விப்பிள் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள். 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5-இல் முடியும் வயதினரைக் கூட்டி 5-ஆல் பெருக்குங்கள். அதை அந்த வரம்பின் மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். குவிதலே இல்லையென்றால் 100, எல்லோரும் 0, 5-இலேயே சொல்லியிருந்தால் 500. ஐநா அளவுகோலில் 105-க்குக் கீழே என்றால் மிகத் துல்லியம், 175-க்கு மேல் போனால் மிக மோசம். ஆண், பெண், நகரம், கிராமம் என்று தனித்தனியாகப் போடுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

ஐந்தாண்டுத் தொகுதிகளாகச் சேர்த்தால் முள் மறையும். ஆனால் குறை முழுதாகத் தீராது. 38, 39 வயதுக்காரர் 40 என்று சொன்னால் அவர் அடுத்த தொகுதிக்குப் போய்விடுகிறார். இதை ஆய்வேட்டில் ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

அப்புறம், ஏஜ் நிரலில் 999 என்பது வயது தெரியாதவர். நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள்.

கேட்டவர்

டிடிஐ வழியாகப் படித்தேன், மொத்தம் 3.86 கோடிக்கு மிக அருகில் வந்துவிட்டது! 999-உம் இருந்தது, சராசரி வயது ஏன் உயர்ந்தது என்று இப்போது புரிகிறது. அடுத்து பிரேசில், மெக்சிகோவோடு வேலைவாய்ப்பை ஒப்பிடப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 2

வேலை நிலையைச் சொல்லும் எம்ப்ஸ்டாட் நிரலின் விளக்கத்தில், கேள்வி யாரிடம் கேட்கப்பட்டது என்ற பகுதியை முதலில் படியுங்கள். பிரேசிலில் 10 வயது முதல், மெக்சிகோவில் 12 முதல். கேட்கப்படாதவர்களுக்கு 0 இருக்கும், அதை "வேலை இல்லாதவர்" என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று நாட்டையும் 15 முதல் 64 வரை என்று வெட்டிக்கொண்டால் ஒப்பீடு சரியாக இருக்கும்.

பதில் 1

ஒன்று விட்டுப்போனது. மாதிரியில் முழு வீடுகளாக எடுத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், அதனால் தனித்தனி ஆளாக நினைத்துப் போடும் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு) உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். சீரியல் என்ற வீட்டு எண்ணை வைத்து வீட்டுக் கொத்தாகக் கணக்கிடுங்கள். அந்த எண் ஒரு மாதிரிக்குள் மட்டுமே தனித்தது, அதனால் எந்த மாதிரி என்று சொல்லும் சாம்பிள் நிரலையும் சேர்த்தே அடையாளம் காணுங்கள்.

கேட்டவர்

சேர்க்கவில்லை. 1999-இன் வீடும் 2009-இன் வீடும் ஒன்றாகிப் போயிருக்கின்றன. இன்றிரவே திருத்தி ஓட்டுகிறேன், இருவருக்கும் மிக்க நன்றி.