பழைய மரம் அறுக்கும் மெஷின்கள்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

ராணிப்பேட்டையிலிருந்து:

பழைய செயின் சாக்களைத் தேடி வாங்கி, பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி ஓட வைப்பதுதான் என் ஓய்வு நேர வேலை. இந்தப் பக்கத்தில் இதே ஆர்வமுள்ளவர்கள் இன்னும் சிலர் இருப்பது சமீபத்தில்தான் தெரிந்தது. அதனால் நானே தொடங்குகிறேன். உங்கள் கைக்கு வந்த மெஷினைப் பற்றி எழுதுங்கள். அதைச் சரிசெய்ய யார் வழி சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏனென்றால் இந்த மெஷின்களுக்கு நம் ஊரில் தனி மெக்கானிக் கிடையாது. ஆனால் தேவையான வித்தை மொத்தமும் ஊருக்குள்தான் இருக்கிறது, பத்துப் பேரிடம் பிரிந்து கிடக்கிறது.

என்னிடம் இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டில் என்ற ஜெர்மன் கம்பெனியின் 070 செயின் சா. வாலாஜா பக்கம் ஒரு மரவாடியை மூடியபோது, பழைய இரும்போடு எடைக்குப் போக இருந்ததைக் கேட்டு வாங்கினேன். 1968இல் வந்த மாடல். பிஸ்டன் விட்டம் 58 மி.மீ., ஓட்டம் 40 மி.மீ., மொத்தம் 106 சிசி. ஆர்எக்ஸ் 100 பைக்கின் எஞ்சினே 98 சிசிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய எஞ்சினைக் கையில் தூக்கி மரம் அறுத்திருக்கிறார்கள்.

"நல்லா ஓடிக்கினு இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு" என்றார் கொடுத்தவர். சைலன்சரைக் கழற்றி ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். 070க்கு டூப்ளிகேட் பிஸ்டன் செட் சுலபமாகக் கிடைக்கும். வாங்கி மாட்டினால் ஓடவும் ஓடும். கொஞ்ச நாளில் அதுவும் கீறிக்கொள்ளும். பழைய பிஸ்டன் ஏன் கீறியது என்று கண்டுபிடிக்காமல் புதுசு போடுவதில் அர்த்தமே இல்லை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனியாக ஆயில் அறை இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. எங்காவது காற்றை அடைக்கும் ரப்பர் சீல் விட்டுப்போய் வெளிக்காற்று உள்ளே நுழைந்தால் பெட்ரோல் குறையும், கூடவே ஆயிலும் குறையும். எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும்.

அந்தக் கசிவைக் கண்டுபிடிக்கக் கம்பெனிகள் தனிக் கருவி விற்கின்றன. நான் போனது வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே, ஐடா ஸ்கடர் ரோட்டில் உள்ள சர்ஜிகல் கடைக்கு. பிபி பார்க்கும் கருவியில் ஒரு ரப்பர் பல்பும் டயலும் இருக்கும் அல்லவா, அது மட்டும் போதும். டயல் 300 வரை காட்டும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதன் நடுவே ஒரு சின்னக் குழாய் வைத்துத் தரும்படி லேத்காரரிடம் கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார், சொன்னதும் காசே வாங்கவில்லை. சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து அடைத்தாயிற்று. பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து, பல்பை அமுக்கி 250 வரை ஏற்றினேன். முள் அசையாமல் நிற்க வேண்டும். கண் முன்னாலேயே இறங்கியது. சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டுத் தடவிக்கொண்டே வந்தால், மேக்னெட் பக்கத்து ஆயில் சீலில் குமிழ் குமிழாக வந்தது. மரவாடிக்காரருக்கு அத்தனை காலமும் புரியாத காரணம் அந்தக் குமிழில் இருந்தது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

அப்புறம் ஒன்று. காற்று ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும் சீல், உறிஞ்சும்போது விட்டுவிடலாம். அதற்கும் அதே கடையில் 50 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். குழாயில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்து விடுங்கள். தண்டு பழைய இடத்துக்கே திரும்பினால் கசிவில்லை. பாதி வழியில் நின்றால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது.

சீல் கிடைப்பது கஷ்டமில்லை. அதன் முகத்திலேயே உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றும் எழுதியிருக்கும். அந்த அளவைச் சொன்னால் பேரிங் கடையில் எடுத்துத் தருவார்கள். எந்த மெஷினுக்கு என்று சொல்லவே வேண்டாம், சொன்னால் இல்லை என்றுதான் பதில் வரும்.

சிலிண்டரில் ஒட்டியிருந்த அலுமினியத்தை பாத்ரூம் ஆசிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் எடுத்தேன். இதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். சிலிண்டரின் உள்பூச்சு குரோம் என்றால் ஆசிட் அதையும் தின்றுவிடும். ஓட்டைகளின் ஓரத்தில் தெரியும் அலுமினியத்தையும் அரித்துவிடும். ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள், நுரை அடங்கியதும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் பக்கம் ஆசிட்டைக் கொண்டுபோகவே கூடாது. அது மெக்னீசியம். திறந்த வெளியில், கண்ணாடியும் கையுறையும் போட்டு மட்டும் செய்யுங்கள்.

இப்போது அந்த 070 நாலைந்து இழுப்பில் எடுத்துக்கொள்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

ராணிப்பேட்டை தம்பிக்கு வணக்கம். நான் டூ வீலர் மெக்கானிக். ஜாவா, ராஜ்தூத், பழைய பஜாஜ் ஸ்கூட்டர் என்று கை பழகியவன். செயின் சா என் கடைக்கு முதலில் வந்தது தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மூலமாக. "இன்னாண்ணா, இதையும் பார்ப்பியா?" என்று கேட்டார். மூடியைக் கழற்றினால் உள்ளே மேக்னெட், பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் பாயிண்ட், கண்டென்சர். நான் வாழ்நாள் முழுக்கப் பார்த்த அதே சாமான்கள்தான்.

இப்போதைய பையன்கள் நிறையப் பேருக்கு பாயிண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. எல்லாம் எலெக்ட்ரானிக் ஆகிவிட்டது. அதனால் கரண்ட் வராத பழைய மெஷினைப் பார்த்ததும் காயில் போச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்து காயில் போவது அபூர்வம். நாள்பட நின்ற மெஷினில் பாயிண்ட் முகத்தில் ஆக்சைடு படிந்து கரண்டை மறிக்கும். நைஸ் எமரி பேப்பரால் லேசாகத் தேய்த்து, பிறகு வெள்ளைத் தாள் ஒன்றை பெட்ரோலில் நனைத்து இடையில் விட்டு இழுங்கள். கறுப்பு வராதவரை இழுக்க வேண்டும். இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. வரை வைத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பாயிண்டில் பொறி பறந்து பிளக்கில் மஞ்சளாக வந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

மேக்னெட் சக்கரத்தைச் சுத்தியால் அடித்துக் கழற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை இழுத்துக் கழற்றப் புல்லர் என்ற கருவி உண்டு. கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்துகொள்ளலாம். அடித்தால் விசிறித் தகடு உடையும், கிராங்க் வளையும், உள்ளே காந்தமும் பலவீனமாகும்.

இன்னொன்று பெட்ரோல். டிவிஎஸ் 50 காலத்தில் பங்கிலேயே கைப்பம்பு வைத்து டூ டி ஆயில் கலந்து போடுவார்கள், அந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். இப்போது கணக்கை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். சாதாரண டூ டி ஆயில் என்றால் பழைய மெஷினுக்கு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 1:25. அதைவிட முக்கியம், இன்றைக்கு பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து கார்பரேட்டருக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமும் பெட்ரோல் டியூபும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஊறிப்போகும், அல்லது விறைத்துப்போகும். மேலும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்கில் அப்படியே விட்டுவைத்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். ஃபில்டர் கிடப்பதோ டேங்கின் அடியில். கயிற்றை இழுத்ததும் எஞ்சினுக்குப் போவது ஆயில் இல்லாத சரக்கு. எடுத்த காரியம் முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒடுகத்தூரிலிருந்து:

நீங்கள் இருவரும் எஞ்சினைப் பற்றி எழுதிவிட்டீர்கள். நான் அறுத்தவன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவும் நானும் இந்த மெஷின்களை வைத்துத்தான் பிழைத்தோம். இப்போது நான் புது மெஷினில் வேலை செய்கிறேன். அப்பாவுடைய பழையதைத் துடைத்து, மாதம் ஒருமுறை ஓடவிட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பழைய மெஷினை ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல காரியம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மரம் அறுக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 070இல் செயின் பிரேக் கிடையாது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்கு பார் என்று பெயர்; அதன் மூக்கு நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால், மெஷின் கண் இமைப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். புது மெஷினில் அந்த வேகத்திலேயே பிரேக் விழுந்து செயின் நிற்கும். பழையதில் நிறுத்த ஒன்றுமில்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பரோ ஸ்பிரிங்கோ கைப்பிடியில் இல்லை. அப்பாவுக்கு மார்கழிக் குளிரில் விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும். அது இந்த அதிர்வால் வரும் நோய் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதனால் பழையதில் தொடர்ந்து அறுக்காதீர்கள். தரையில் கிடக்கும் கட்டையை இரண்டு வெட்டு வெட்டிப் பார்த்து, அதன் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு வைத்துவிடுங்கள். நிற்கிற மரத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம்.

செயினைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு அவ்வளவு பாடுபட்டவர்கள் மொட்டைச் செயினை மாட்டிவிட்டு, மெஷினுக்கு இழுவை இல்லை என்பார்கள். அறுக்கும்போது மாவு மாவாக வந்தால் பல் மழுங்கிவிட்டது, சில்லு சில்லாக வர வேண்டும். 070இல் பெரும்பாலும் .404 செயின் இருக்கும், அதற்கு 5.5 மி.மீ. உருண்டை அரம். உள்ளிருந்து வெளியே ஒரே பக்கமாகத் தள்ள வேண்டும், 30 டிகிரி சாய்வில், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில். பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டையும் அவ்வப்போது தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேண்டும். ரொம்ப இறக்கினால் மெஷின் கடித்து உதறும்.

இந்தப் பல்லின் கதையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரம்வெட்டி, 1946இல், மரத்தைத் துளைக்கும் வண்டின் புழுவைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து, நார் ஓடும் பக்கம், குறுக்குப் பக்கம் என்று பார்க்காமல் போய்க்கொண்டே இருந்ததாம். அந்தத் தாடையைப் போலவே வளைந்த பல்லைச் செய்து, 1947இல் போர்ட்லண்டில் தன் வீட்டுக் கீழறையில் செயின் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு நாம் மாட்டும் செயின்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். வண்டு துளைத்த மரத்தை நானும் எத்தனையோ அறுத்திருக்கிறேன், ஒருவர் அங்கே நின்று பார்த்திருக்கிறார் பாருங்கள்!

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து வடிந்தபின், கரையோரம் அடித்து வந்த மரங்களை அறுக்கக் கூப்பிட்டார்கள். மரத்துக்குள் மணல் ஏறியிருந்தது. மணலும் ஆணியும்தான் செயினுக்கு எமன். ரோட்டோரப் புளிய மரங்களில் போர்டு அடித்த ஆணிகள் பட்டைக்குள் மூடிப்போய் இருக்கும். அறுப்பதற்கு முன் ஆளுயரம்வரை கையால் தடவிப் பாருங்கள்.

காட்பாடியிலிருந்து:

ஐயா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். நான் இன்ஜினியரிங் படிக்கிறேன். என்னிடம் இன்னும் மெஷின் இல்லை. ஒருவர் 070 இருப்பதாகச் சொல்கிறார், பெயிண்ட் புதுசாக இருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா? எப்படிப் பார்ப்பது?

ராணிப்பேட்டையிலிருந்து:

தம்பி, 070க்கு அப்படியே அச்சாகப் போலி நிறைய வருகிறது. பழைய மெஷின் என்று சொல்லிப் புதுப் பெயிண்டோடு வந்தால் முதலில் சந்தேகப்படு. வார்ப்பின் ஓரங்கள் கரடுமுரடாக, எழுத்துகள் மழுங்கி இருக்கிறதா என்று பார். உள்பக்கப் பாகங்களிலும் கம்பெனி முத்திரையும் பார்ட் நம்பரும் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். போலி கெட்ட மெஷின் என்று சொல்ல மாட்டேன், கற்றுக்கொள்ள உதவும். ஆனால் அதைப் பழசின் விலைக்கு வாங்காதே.

பிறகு இரண்டு பரிசோதனை. கயிற்றின் பிடியை மட்டும் கையில் பிடித்து மெஷினைத் தொங்கவிடு. விட்டு விட்டு, மெதுவாக இறங்கினால் கம்ப்ரெஷன் இருக்கிறது. சரேலென்று தரைக்கு வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரின் உள்சுவரோ போய்விட்டது. அடுத்து சைலன்சரைக் கழற்றிக் காட்டச் சொல், பிஸ்டனை டார்ச் அடித்துப் பார். கழற்ற விட மாட்டேன் என்பவரிடம் வாங்காதே.

யாரிடம் வாங்குகிறாய் என்பதும் முக்கியம். நம் பக்கம் ஜவ்வாது மலையில் சந்தனம், ஆந்திர எல்லை தாண்டினால் செம்மரம். மரக்கடத்தலில் ஓடிய மெஷின் கைமாறி வரலாம். கொடுப்பவரின் பெயர், முகவரி, தேதி போட்டு ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்கிக்கொள். எழுதித் தரத் தயங்கினால் எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் திரும்பி வந்துவிடு.

வாங்கிவிட்டால் ஓட்டிப் பார்க்காமல் முதலில் எடுத்து வா. பிபி பல்பும் அந்தப் பிளக் குழாயும் என்னிடம் இருக்கிறது. பாயிண்ட் வைத்ததாக இருந்தால் குடியாத்தம் அண்ணனிடம் சேர்ந்தே போவோம்.

குடியாத்தத்திலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். மற்ற நாளில் கடையில் கூட்டம் இருக்கும். புல்லர் என்னிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம். செயினைக் கழற்றிவிட்டு எடுத்து வாருங்கள், பஸ்ஸில் யாருக்கும் கை கிழிக்கக் கூடாது. டேங்கையும் காலி செய்துவிடுங்கள்.