குமரி மாவட்டத்தில் முதியோர் குடியிருப்பு: இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்க

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. நானும் தங்கச்சியும் வெளிநாட்டுல. நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல கேட், காவல், மெஸ், நர்ஸ் எல்லாம் உள்ள முதியோர் குடியிருப்பு பார்க்கச் சொல்றாங்க. விளம்பரத்தை நம்ப முடியல. நேர்ல பட்டது என்னன்னு சொல்லுங்க.

பறக்கைக்காரன்:
தம்பி, நானும் வீட்டுக்காரியும் சுசீந்திரம் பக்கம் இப்படி ஒரு இடத்துலதான் இருக்கோம். பாத்ரூம்ல கைப்பிடி, வழுக்காத தரை, கட்டில் ஓரமா மணி. அதெல்லாம் சரியா இருக்கு. முதல் சண்டை மீனுக்குத்தான் வந்தது.

மெஸ் சுத்த சைவம். அவங்கவங்க வீட்டுல என்ன வேணும்னாலும் சமைக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. ஆனா மீன்காரம்மாவை உள்ள விடக்கூடாதுன்னு செக்யூரிட்டிக்கு உத்தரவு. சாளை இல்லாம நமக்குச் சோறு எறங்குமா? பத்து மணிவாக்குல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ரிட்டயர்டு தாசில்தார் எல்லாம் ஆளுக்கொரு சட்டியோட கேட்டுக்கு வெளிய வெயில்ல நிப்போம். மணக்குடியில இருந்து வர்ற பிள்ளை ஸ்கூட்டியை நிறுத்தி அலுமினியப் பாத்திரத்தைத் திறந்து, "பாட்டா, செவுளைப் பாரும், ரெத்தம் மாதிரி இருக்கு"ன்னு விரலால விரிச்சுக் காட்டுவா. ஐஸ் மீனான்னு கேட்டுட்டா போச்சு, மூடியைப் போட்டுட்டுக் கெளம்பிருவா.

சங்கக் கூட்டத்துல பெரிய வாக்குவாதம். சைவக்காரங்க சொன்னதுலயும் நியாயம் இருந்தது. செதிலும் குடலும் வாசல்ல கெடந்தா யாருக்குத்தான் பிடிக்கும்? கடைசியில பின்கேட்டுப் பக்கம் ஒரு சிமெண்டு மேடையும் குழாயும் போட்டுக் குடுத்தாங்க. அங்கேயே வெட்டிக் கழுவித் தந்துட்டுப் போறா. யாராவது ரெண்டு நாளு வரலைன்னா நர்ஸுக்கு முந்தி அவதான் விசாரிப்பா.

இன்னொண்ணு. கிழக்குக் கடல் பக்கம் சின்னமுட்டத்துல விசைப்படகு மீன்பிடிக்கப் போக ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை தடை. மேற்குக் கடல்ல குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டு கடலும் அடைப்பு, சின்ன வள்ளத்துல பிடிக்கிற மீன்தான். அந்த விலைக்குப் பயந்து மெஸ்ல கூட்டம் கூடும். தீயல் நல்லாத்தான் வைக்காங்க. ஆனா நம்ம செவப்புச் சம்பா அரிசிச் சோறு கேட்டா, எல்லாருக்கும் ஒத்து வராதுன்னு வெள்ளரிசியையே போடுதாங்க. அதுக்கு இன்னும் போராடிட்டு இருக்கோம்.

தக்கலை டீச்சர்:
மாடியில வாங்காதீங்க. லிஃப்ட் இருக்குன்னு சொல்வாங்க. அம்மா இப்படி ஒரு இடத்துல மூணாவது மாடியில இருந்தாங்க, மூச்சுத் திணறல் உள்ளவங்க. 2017 நவம்பர் 30 ஓகி புயல் வந்தப்ப கம்பமெல்லாம் சாஞ்சு கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஓடுச்சு, டீசல் தீந்தது. ரோடு முழுக்க மரம் கெடக்கும்போது டீசல் எங்க இருந்து வரும்? நெபுலைசர் வைக்க வழியில்ல. சமையல்காரரும் வாட்ச்மேனும் இன்னும் ரெண்டு பேருமா பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, சேலையால இடுப்பைக் கட்டி, படி படியா எறக்கினாங்க. ஒவ்வொரு திருப்பத்துலயும் அம்மா "பைய, பைய"ன்னு சொல்லிட்டே வந்தாங்க.

அதனால டீசல் எவ்வளவு கையிருப்பு வைப்பாங்க, ஜெனரேட்டர்ல தண்ணி மோட்டார் ஓடுமா, ரெண்டையும் கேளுங்க. கடல் தெரியற வீடுன்னு கூடுதல் காசு கேட்டா குடுக்காதீங்க. உப்புக்காத்துல கிரில் துருப்பிடிச்சு உதிரும்.

பார்வதிபுரத்தான்:
யாரும் வாய் திறந்து கேக்காத ஒண்ணு சொல்றேன். துட்டி விழுந்தா, அதாவது அங்க யாராவது செத்தா, என்ன விதி? எங்க பெரியப்பா ஊர் வீட்டை வித்துட்டுத்தான் குடியிருப்புக்குப் போனார். ஒரு நாள் ராத்திரி தவறிட்டார். பிள்ளைகள் ஒருத்தன் குவைத்துல, ஒருத்தன் கனடாவுல. பிரீசர் பெட்டி வைக்க அனுமதி இல்ல, காலையிலேயே எடுக்கணும்னுட்டாங்க. மத்த வயசானவங்க மனசு கலங்கும்னு காரணம். அதைத் தப்புன்னும் சொல்ல முடியல. ஆனா எங்க கொண்டு போறது? சொந்த வீட்டுல வேற குடும்பம். கடைசியில பூதப்பாண்டியில சித்தப்பா வீட்டு முத்தத்துல பந்தல் போட்டோம். பெரியம்மா அந்த வீட்டுல ஒரு விருந்தாளி மாதிரி ஓரமா உக்காந்திருந்தா.

டெபாசிட்டும் உடனே வரல. அடுத்த ஆள் வந்தாத்தான் திருப்பித் தருவோம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி இருந்திருக்கு. பெரியம்மாவுக்கு அது பிறகுதான் தெரிஞ்சது.

ஊர் வீட்டை விக்காதீங்க, வாடகைக்கு விடுங்க. பிள்ளைகளுக்கு எழுதிக் குடுக்கறதா இருந்தா, கடைசி வரைக்கும் பராமரிக்கணும்கிற நிபந்தனையைப் பத்திரத்துலயே போடுங்க. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்துல 23-வது பிரிவு இருக்கு. பார்க்காம விட்டா அந்த நிபந்தனையை வச்சுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேக்கலாம். மனு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கிட்ட போகும், நமக்கு நாகர்கோவில், பத்மநாபபுரம் ரெண்டு இடத்துலயும் ஆபீஸ் இருக்கு. எங்க போகன்னு தெரியலைன்னா முதியோர் உதவி எண் 14567-க்குக் கூப்பிட்டா சொல்வாங்க.

கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாகிட்ட துட்டி விசயத்தை எப்படிப் பேசறதுன்னுதான் தெரியல. மீன் விசயம் வாசிச்சுக் காட்டினேன், உடனே சுசீந்திரம் பக்கம்தான் வேணும்னுட்டாங்க.

பறக்கைக்காரன்:
அப்படியே எடுத்துராதீங்க தம்பி. விருந்தினர் அறையை மாச வாடகைக்குத் தருவாங்களான்னு கேட்டு ரெண்டு பேரையும் முதல்ல தங்க வச்சுப் பாருங்க. ஜூன்ல வந்தா நல்லது. மழை, மீன் அடைப்பு எல்லாம் ஒண்ணா வரும், எடத்தோட லட்சணம் தெரிஞ்சுரும். அம்மாவுக்கு மலையாளம் பேச வருமா? எங்க வரிசையில பாதிப்பேர் திருவனந்தபுரத்துக்காரங்க.