புதுப்பிப்பு: வாடகைத்தாய் ஒப்பந்தமும் பெற்றோர் உரிமையும்

சிங்கப்பூரின் தெம்பனிஸில் வசிக்கும் என் சித்தி மகளும் அவள் கணவரும் அமெரிக்காவில் வாடகைத்தாய் வழியாகக் குழந்தை பெற எண்ணியதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது, அந்நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்தான் என்று குறிப்பிட்டிருந்தேன். அது தவறு, பொறுத்தருள வேண்டுகிறேன்.

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுகிறது. கலிபோர்னியாவில் இரு தரப்பினரும் தனித்தனி வழக்கறிஞரை வைத்து, கருவை வாடகைத்தாயின் கருப்பையில் வைக்கும் கருமாற்றத்துக்கான மருந்துகள் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தை முடித்திருக்க வேண்டும். அவ்வாறு செய்தால், பெற்றோர் யார் என்பதைப் பிரசவத்துக்கு முன்னரே நீதிமன்றம் ஆணையிட்டு உறுதிசெய்ய முடியும். சுமக்கும் பெண்ணுக்கும் தனி வழக்கறிஞர் என்ற விதியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் உடல் அவளுடையது. நியூயார்க் 2021இல்தான் ஊதியத்துடன் கூடிய ஒப்பந்தங்களை ஏற்றது. 1988 முதல் அவற்றைக் குற்றமாக்கியிருந்த மிச்சிகனில் அவற்றை அனுமதிக்கும் புதிய சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. லூசியானாவோ ஊதியத்தை இன்றும் அனுமதிப்பதில்லை.

எங்கள் குடும்பத்தை அதிகம் யோசிக்க வைத்தது சிங்கப்பூர்ச் சட்டம். இங்குள்ள கருத்தரிப்பு மையங்களில் இதற்கு அனுமதி இல்லை. சுமந்து பெற்றவளே தாய் என்பதும் இங்குள்ள சட்டநிலை. அமெரிக்காவில் வாடகைத்தாய் வழியாகப் பிறந்த தன் சொந்த மகனைக்கூட ஒரு தந்தை இங்கே தத்தெடுக்க வேண்டியிருந்தது. உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில்தான் அதை அனுமதித்தது.

ஆகவே, இங்குள்ள குடும்பநல வழக்கறிஞரைச் சந்தித்த பிறகே மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள்.