பெல் அடிக்கும் விற்பனையாளர்களைச் சட்டப்படி நிறுத்த முடியுமா?

மாடிவீடு:
மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். வாரத்துக்கு மூன்று பேராவது பெல் அடிக்கிறார்கள். நேற்று மத்தியானம் ஒருவர், "ஃப்ரீயா தண்ணி டெஸ்ட் சார்" என்று சொல்லிக்கொண்டே ஹாலுக்கு வந்துவிட்டார். டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டு ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கஷாயம்! அம்மா பயந்துபோய், அவர் விற்க வந்த ஆர்.ஓ. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுக்க பர்ஸைத் தேட ஆரம்பித்தார். "கிளம்புங்க" என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டினார். போலீஸுக்குப் போகலாமா?

தராசு:
முதலில் அந்தக் கஷாயம். அது உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை, மின்சாரத்தில் கரைந்த இரும்புக் கம்பி. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும். வித்தை அவ்வளவுதான்.
சட்டம்: 2021 நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி, நேரடி விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டுக்கு வரக்கூடாது. கம்பெனி பெயரைச் சொல்லி 1915க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்.

பழைய சேல்ஸ்மேன்:
நெட்வொர்க் வைத்து விற்கும் கம்பெனிகளுக்காக எழுதிய விதி அது. மாதச் சம்பளத்துக்குப் படியேறுகிறவனை அதில் இழுக்க முடியுமா? நான் நான்கு வருடம் பை தூக்கியவன். தினம் நாற்பது கதவு, குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட முகத்தில் அறைந்த மாதிரி சாத்துவார்கள். பெல் அடிப்பது குற்றமா சார்?

தராசு:
இல்லை. இழுக்க முடியுமா என்பதும் வாதத்துக்குரியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகச் சொன்ன பிறகும் தொல்லை கொடுக்கும் எண்ணத்தோடு வீட்டுக்குள் நின்றால் அத்துமீறல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-வது பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. அந்த எண்ணத்தை நிரூபிப்பதுதான் பாடு. அதனால் கேட்டில் "அனுமதி இல்லை" என்று போர்டு வையுங்கள். போர்டே சட்டம் ஆகிவிடாது. "தெரியாம வந்துட்டேன்" என்ற பேச்சு அப்புறம் எடுபடாது.

கீரைக்கட்டு:
எங்கள் அபார்ட்மென்டில் வைத்தோமே! வாட்ச்மேன் யாரை நிறுத்தினார் தெரியுமா? பதினைந்து வருடமாக வரும் கீரைக்கார அம்மாவை. டை கட்டியவர் "தேர்ட் ஃப்ளோர்ல அப்பாயின்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் போய்விட்டார். தெரு வியாபாரிகளைக் காக்க 2014இல் ஒரு சட்டமே வந்ததே, அது எங்கே போனது?

தராசு:
அது தெருவில் விற்கிற பிழைப்பைக் காக்கும். உங்கள் மாடிப்படி ஏறும் உரிமையைத் தராது.

கீரைக்கட்டு:
சரி. அப்படியென்றால் யாரை விடுவது என்று சங்கக் கூட்டத்தில் நாமேதான் முடிவு செய்ய வேண்டும். வாட்ச்மேன் தலையில் கட்டாதீர்கள்.

மாடிவீடு:
போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன்: "விற்பனைப் பிரதிநிதிகள் முன் அனுமதி இல்லாமல் வரக்கூடாது. கீரை, பூ, தயிர் வரலாம்."

பழைய சேல்ஸ்மேன்:
தயிர்க்காரர் நாளைக்குக் கூடையில் இன்ஷூரன்ஸ் நோட்டீஸும் கொண்டுவந்தால்?