எல்டிஸ்பைஸ்: ரிலே ஒருமுறை ஆன் ஆனால் ஆஃப் ஆவதேயில்லை

மன்னை_காயில்கடை:
மன்னார்குடி பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். குறுவை நடவு நேரத்தில் எல்லா போர்வெல் மோட்டாரும் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் விழும், கருகின காயில் கடைக்கு வரும். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து நின்றால் சங்கடமாக இருக்கிறது. அதனால் 190 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டாரை நிறுத்தி, 195க்கு மேல் ஏறினால் ரிலே (கரண்டில் இயங்கும் ஸ்விட்ச்) வழியாக விடுகிற ஒரு போர்டு செய்கிறேன். சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் புரோகிராமின் லைப்ரரியில் எல்எம்358 ஆப்ஆம்ப் சிப் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் எல்டி1013 போட்டேன். அவுட்புட்டிலிருந்து பிளஸ் இன்புட் காலுக்கு 1எம் (10 லட்சம் ஓம் என்று நினைத்து) ரெசிஸ்டர். ஒருமுறை ஆன் ஆனால் வோல்டேஜை 100க்கு இறக்கினாலும் ஆஃப் ஆக மாட்டேன் என்கிறது. பிரெட்போர்டில் அதே சர்க்யூட் ஒழுங்காக வேலை செய்கிறது!

குடந்தை_டிப்ளமோ:
ஸ்பைஸுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் கிடையாது. 1எம் என்றால் 1 மில்லி ஓம். அவுட்புட்டை நேராக இன்புட்டில் முறுக்கிவிட்ட மாதிரி. 1மெக் என்று போடுங்கள். ஸ்பைஸ் பஞ்ச் கார்டு காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதிய புரோகிராம், அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

மன்னை_காயில்கடை:
சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் போர்டை ஒரு தென்னந்தோப்பு போரில் மாட்டினால் ரிலே டக் டக் டக்கென்று அடித்துக்கொள்கிறது. சிமுலேஷனில் 205 கொடுத்தால் அசையாமல் நிற்கிறது.

திருவையாறு_பெரியவர்:
தம்பி, போர்டை மட்டும் வரைந்திருக்கிறீர்கள். வயரையும் மோட்டாரையும் யார் வரைவது?

மீட்டர் பெட்டியிலிருந்து போர் எவ்வளவு தூரம்? 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் கிலோமீட்டருக்கு ஏழு ஓமுக்குச் சற்று மேல். 135 மீட்டர் என்றால் போக வர 270, கிட்டத்தட்ட 2 ஓம். ஒன்றரை ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரை 23 ஓம் ரெசிஸ்டராக வைத்துக்கொள்ளுங்கள், தோராயத்துக்குப் போதும். 50 ஹெர்ட்ஸ் சைன் கூட வேண்டாம், 205 வோல்ட் டிசி போடுங்கள். ரிலேக்குப் பதில் எல்டிஸ்பைஸில் உள்ள எஸ்டபிள்யூ என்ற, வோல்டேஜ் பார்த்துத் திறந்து மூடும் ஸ்விட்ச். மோட்டார் ஓடும்போது 188 காட்டும், உடனே கட். கட் ஆனதும் வயரில் கரண்ட் இல்லை, 205க்கு ஏறும், திரும்ப ஆன். நீங்கள் தோப்பில் கேட்ட டக் டக் ஸ்க்ரீனில் வந்துவிடும்.

190க்கும் 195க்கும் நடுவே 5 வோல்ட் இடைவெளி எப்படிப் போதும்? வயரில் விழுவதே 16. ஆன் அளவை 210க்கு ஏற்றினால் சத்தம் நிற்கும், ஆனால் லைன் தேறும்வரை தண்ணீர் வராது, தோப்புக்காரர் உங்களைத்தான் திட்டுவார். 2 ஓமை 1.25 ஆக்கிப் பாருங்கள், அதாவது 4 ஸ்கொயர் வயர். மோட்டாரில் 194 நிற்கும், கட் ஆகாது. அப்போதும் இடைவெளியை 12க்காவது கூட்டுங்கள். வயர் கடைக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ளத்தான் சிமுலேஷன்.

மன்னை_காயில்கடை:
வந்துவிட்டது ஐயா, அதே டக் டக்! ஸ்டார்ட்டிங் கெபாசிட்டரையும் வரைய வேண்டுமா?

திருவையாறு_பெரியவர்:
வேண்டாம். கிளம்பும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் முதல் அரை விநாடிக்கு மோட்டாரை 5 ஓமாக வையுங்கள். 2 ஓம் வயரில் 146 வரை இறங்கும், 4 ஸ்கொயர் போட்டாலும் 164தான். ஆகவே கட் ஆக இரண்டு மூன்று விநாடி தாமதம் கொடுங்கள், இல்லையென்றால் மோட்டார் கிளம்பவே விடாது.