வயித்து ஆசிட் தின்ன எலும்புக்கு என்ன சொல்லு? "செரியரிப்பு"ன்னு வைக்கலாம்

அண்ணே வணக்கம், மத்த எல்லாருக்கும் வணக்கம்.

ஆந்தை, நரி மாதிரி வேட்டையாடிங்க தின்ன எலியோட எலும்பையும் பல்லையும் வயித்து ஆசிட் அரிக்கறதுக்கு, நம்ம கலைச்சொல் பட்டியல்ல நீங்க போட்ட "செரிமானத் தேய்வு" எனக்கு ஒத்துவரலண்ணே. தேய்வுன்னா உரசித் தேயறது, எலி உயிரோட இருக்கறப்பவே நெல்லு உமின்னு கடிச்சுக் கடிச்சு பல்லு தேயுது, அதுக்குத்தான் பல்தேய்வுங்கற சொல்ல வெச்சிருக்கோம். வயித்து ஆசிட் பண்றத அதே பேர்ல எழுதினா படிக்கிற பிள்ளைங்க ரெண்டயும் போட்டுக் குழப்பிக்கும். "சிதைவு"ம் வேணாம், மண்ணுல கெடந்து மக்கறதுக்கு அந்தச் சொல்லு தேவைப்படுது.

நான் சொல்றது செரியரிப்பு. கொள்ளிடக் கரைய தண்ணி அரிக்கிறப்ப துருத்திக்கிட்டு நிக்கிற முனைதான் மொதல்ல போகும்ல, எலும்புலயும் அப்படித்தான், தொடையெலும்பு முனை, கடைவாய்ப்பல்லோட எனாமல் ஓரம், இதெல்லாம் மொதல்ல அரிபடுது. லென்ஸ்ல முன்பல்லப் பாருங்க, தாடைக்குள்ள இருந்தபடியே வயித்துக்குள்ள போன பல்லுன்னா வெளிய நீட்டிக்கிட்டிருந்த நுனி மட்டும் அரிஞ்சிருக்கும், குழிக்குள்ள இருந்த பாகம் வழவழன்னு அப்படியே இருக்கும். கழண்டு தனியா போன பல்லுன்னா முழு நீளத்துக்கும் அரிச்சிருக்கும். மண்ணு அரிச்சதா வயிறு அரிச்சதான்னு பிரிக்க இதவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இந்தச் சொல்லு டெல்டாவுக்கு ரொம்ப வேணும்ணே. வயல்ல ஆந்தை வந்து உக்காரட்டும்னு நட்ட குச்சிக்கு அடியில கூகை (ஒரு வகை ஆந்தை) கக்கின, செரிக்காத மயிரும் எலும்பும் சேர்ந்த உருண்டைய (பெல்லட்) எடுத்து வெந்நீர்ல ஊறப்போட்டு மயிர நீக்கினா வரப்பெலி மண்டையோடு பல பொழுது முழுசாவே கெடைக்கும், ஏன்னா கூகை முழுங்குது, மெல்லறதில்ல. பிஎச் (அமில அளவு) எவ்வளவு கொறையுதோ ஆசிட் அவ்வளவு கடுமை; ஆந்தை வயித்து பிஎச் சுமார் 2.35, பருந்து வகைக்கு 1.6 கிட்ட, அதனால பருந்து கக்கினதுல எலும்பு ரொம்பக் கொறச்சல். நரி, காட்டுப்பூனை எச்சத்துல வர்றது மென்னு நொறுக்கின துண்டுங்க, அரிப்பும் அதிகம். 1990ல புதைபடிவ ஆராய்ச்சியாளர் பீட்டர் ஆண்ட்ரூஸ் இந்த அரிப்ப கொறச்சல்ல இருந்து அதிகம் வரைக்கும் அஞ்சு படியாப் பிரிச்சப்ப கூகைய மொத படியிலயும் பாலூட்டி வேட்டையாடிகள கடைசிப் படியிலயும் வெச்சாரு. பழைய மண்ணடுக்குல எலி எலும்பு குவியலாக் கெடைச்சா, அங்க ஆந்தை குடியிருந்துச்சா நரி குடியிருந்துச்சான்னு சொல்றதே இத வெச்சுத்தான்.

அதனால பல்லு ஒடச்சதுக்கு "கடிமுறிவு", ஆசிட் தின்னதுக்கு "செரியரிப்பு"ன்னு ரெண்டு தனிச் சொல்லா பட்டியல்ல ஏத்தணும், ஒண்ணாச் சேக்கவே கூடாது. அரிப்புன்னா சொறியறது இல்லயான்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, மண்ணரிப்பு கடலரிப்பு கறையான் அரிக்கறதுன்னு நம்ம ஊர்ல தெனம் பேசறோம், யாருக்கும் சொறி ஞாபகம் வரலயே.

அளவுக்கு "செரியரிப்புப் படி 1, படி 2"ன்னு போட்டா போதும். பெல்லட்டுக்கு மட்டும் இன்னும் முடிவாகல, நம்ம பக்கம் "கூகை கக்கினது"ம்பாங்க, நான் "கக்குருண்டை"ங்கறேன், வேற இருந்தா எழுதுங்க.