புதுப்பிப்பு: கற்பித்தல் பயிற்சிக் களிமண் பாடம்

சித்திரப் பட்டப்படிப்பின் கற்பித்தல் பயிற்சிக்குக் குளத்துக் களிமண்ணில் உருவம் செய்யும் பாடம் பற்றி முன்பு எழுதியதன் தொடர்ச்சி. செய்த உருவம் காய்ந்ததும் வெடிக்கிறதே என்று கிளிநொச்சி, மாங்குளம் பக்கமிருந்து கேட்டிருந்தீர்கள்.

சோளகக் காற்றுக்கு (தென்மேற்குக் காற்று) உருவத்தின் மேற்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதனால்தான் பிளக்கிறது. ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு அரித்த மணல் சேருங்கள். தடிப்பு ஒரு விரலைத் தாண்ட வேண்டாம். காது, கால் ஒட்டும்போது இரு பக்கமும் கீறி, களிக்குழம்பு (தண்ணீரில் குழைத்த களிமண்) பூசி அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தொட்டு ஒட்டினால் கழன்றுவிடும். பிறகு பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்கள், யன்னலோரம் கூடவே கூடாது.

பாடக்குறிப்பில் 80 நிமிட இரட்டைப் பாடவேளை போடுங்கள். ஒற்றைப் பாடவேளையின் 40 நிமிடம் கை கழுவவே காணாது!